காருக்குள் ஒளிர்கிற கோப்பிக் கோப்பை: அது பார்ப்பது கண்ணையா, கையையா?

போன மாசியில் கட்டாரில் இருந்து அத்தான் வருகிறார் என்று கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மச்சான் புதிதாக எடுத்த காரில் போனோம். புதிது என்றால் நமக்குத்தான் புதிது, ஜப்பானில் யாரோ மூன்று வருடம் ஓடிவிட்டு ஏலத்துக்கு விட்ட ஹைபிரிட். மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியில் நள்ளிரவு பன்னிரண்டுக்குப் புறப்பட்டு, ஓட்டமாவடிப் பாலம் தாண்டி, புணானை தாண்டி, வெலிக்கந்தைக்கு அந்தப் பக்கம் போகும்போது ஒன்றரை மணி இருக்கும். முன் சீட்டில் மாமா, பின்னால் நான். மச்சான் எண்பதில் போய்க்கொண்டிருந்தான். திடீரென்று மணி போல ஒரு சத்தம், மீட்டர் போர்டில் ஆவி பறக்கிற ஒரு கோப்பிக் கோப்பை, கூடவே ஜப்பான் மொழியில் ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாக ஏதோ சொன்னது.

"மனே, என்ன சொல்றாள் இவள்?" என்றார் மாமா.

"தெரியாப்பா, பெல்ட் போடச் சொல்றாளாக்கும்."

மூன்று பேரும் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. கார் தொடர்ந்து போனது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோப்பை மறுபடி வந்தது, மச்சான் ஸ்டியரிங்கில் இருந்த ஏதோ ஒரு பட்டனை அமத்தினான், போய்விட்டது. அவள் சொன்னது "ஓய்வெடுங்கள்" என்பது காலையில் எயார்போர்ட் கார் பார்க்கில் போன் கமராவைப் பிடித்து மெனுவை மொழிபெயர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு ஜப்பான்காரி நடுச்சாமத்தில் எங்களிடம் நித்திரை தூங்காதே என்று கெஞ்சியிருக்கிறாள், நாங்கள் பெல்ட்டை இழுத்துப் பார்த்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு இந்த மாதிரிக் கார்கள் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் எங்கும் தெரிகின்றன. சாதாரண சின்னக் காரில்கூட கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கமரா இருக்கிறது. கொஞ்சம் விலை கூடினதில் முன்னால் போகிற வாகனத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குரூஸ், கோட்டுக்கு நடுவில் ஸ்டியரிங்கைப் பிடித்து வைக்கிற லேன் உதவி எல்லாம் வருகிறது. வாங்குகிறவர்கள் மைலேஜ் கேட்கிறார்கள், ஹைபிரிட் பற்றரி எத்தனை வருடம் போகும் என்று கேட்கிறார்கள். கார் எதற்காகக் கத்தும் என்று யாரும் கேட்பதில்லை. பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் நாளே "இந்தச் சத்தத்தை எப்படி நிப்பாட்டுறது" என்று தேடத் தொடங்குகிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாச் சத்தமும் ஒரே சத்தம் என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். முன்னால் நின்ற வாகனம் போய்விட்டது, நீ இன்னும் நிற்கிறாய் என்று சிக்னலில் அடிக்கிற மணி வேறு. கோட்டைத் தாண்டுகிறாய் என்பது வேறு. "கையை ஸ்டியரிங்கில் வை" என்பது வேறு. கோப்பிக் கோப்பை வேறு. கடைசி இரண்டும்தான் உங்கள் கவனத்தைப் பற்றியவை, அந்த இரண்டிலும்கூட கார் உங்கள் கவனத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. அனுமானிக்கிறது. எதை வைத்து அனுமானிக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்தக் குரலை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

கோப்பையில் இருந்து தொடங்குவோம். முழிப்பாக இருக்கிற ஆள் நேர் ரோட்டில் ஓட்டும்போது ஸ்டியரிங்கைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருபோதும் சும்மா இருக்காது. அரைப் பாகை இந்தப் பக்கம், கால் பாகை அந்தப் பக்கம் என்று கை தன் பாட்டில் திருத்திக்கொண்டே இருக்கும். நித்திரை வருகிறபோது அந்தச் சின்னத் திருத்தங்கள் நின்றுவிடுகின்றன, ஒரு கணம் கை செத்துக் கிடக்கிறது, கார் மெல்லச் சரிகிறது, பிறகு திடுக்கிட்டு ஒரே வெட்டாகத் திருப்புகிறோம். நம்முடைய ஆட்கள் "ஒரு கிறுகு கிறுகினான்" என்று சொல்கிற அந்த வெட்டு. கார் பயணத்தின் தொடக்கத்தில் உங்கள் கையின் வழக்கத்தைப் படித்து வைத்துக்கொள்கிறது, பிறகு அந்த வழக்கம் மாறி இந்தச் "செத்த கை, திடீர் வெட்டு" வடிவம் கூடினால் கோப்பையைக் காட்டுகிறது. மெர்சிடிஸ் 2009-இல் ஈ கிளாஸ் காரில் கொண்டுவந்தது இந்த வழிதான். அதற்கு இரண்டு வருடம் முன்பு வால்வோ கோட்டுக்குள் கார் ஆடுகிற ஆட்டத்தைக் கமராவால் பார்த்து இதே வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தது. இன்று விலை குறைந்த காரில் வருவதும் பெரும்பாலும் இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள்தான்.

இதில் இருக்கிற ஒரு சிக்கல் நம்முடைய ரோட்டில்தான் பளிச்சென்று தெரியும். இந்த ஏற்பாடு மெதுவாகப் போகும்போது வேலை செய்யாது. டவுனுக்குள் வளைத்து வளைத்து ஓட்டுகிற கையை வைத்து நித்திரையை மதிப்பிட ஏலாது, அதனால் ஒரு வேகத்துக்கு மேல்தான் முழிக்கும். கம்பனிக்குக் கம்பனி மாறும், ஐம்பதில் தொடங்குவதும் உண்டு, அறுபது, அறுபத்தைந்தில் தொடங்குவதும் உண்டு. மெர்சிடிஸின் முதல் பதிப்பு எண்பதுக்கு மேல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2022 ஜூலையில் இருந்து புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலையில் இருந்து விற்கிற எல்லாப் புதுக் கார்களுக்கும் நித்திரை எச்சரிக்கை கட்டாயம் என்கிறது. அந்தச் சட்டம் கேட்பது என்ன? மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் அது வேலை செய்ய வேண்டும் என்பது.

இலங்கையில் ஊர்களுக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகமே 70தான். அதிவேக நெடுஞ்சாலையில் 100, ஆனால் மட்டக்களப்புக்கு அதிவேக நெடுஞ்சாலை இல்லை. அதாவது ஐரோப்பிய அளவுக்கு மட்டும் செய்யப்பட்ட ஒரு காரை ஆரையம்பதியில் இருந்து ஹபரண வரைக்கும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஓட்டினால் அது வாயே திறக்க வேண்டியதில்லை. சட்டத்தை மீறினால்தான் எழுப்பி விடும்! மச்சானுக்குக் கண் சொருகத் தொடங்கியது வெலிக்கந்தையில் இல்லை, ஓட்டமாவடியிலேயே. அங்கே நாற்பதில் ஊர்ந்துகொண்டு இரண்டு கொட்டாவி விட்டான், கார் ஒன்றும் சொல்லவில்லை. எண்பதைத் தொட்ட பிறகுதான் அவளுக்கு அக்கறை வந்தது.

இனி மற்றது, "கையை வை". இது நித்திரையோடு சம்பந்தப்பட்டதே அல்ல, கார் உங்களுக்காக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினதால் வந்த வினை.

தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரித்து அமெரிக்காவின் எஸ்ஏஈ என்ற பொறியியலாளர் அமைப்பு 2014-இல் ஒரு வரையறை போட்டது, உலகம் முழுக்க அதைத்தான் பேசுகிறார்கள். இன்று கடையில் "தானாக ஓடும்" என்று விற்கிற கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாம் படி. டெஸ்லாவின் ஆட்டோபைலட் ஆகட்டும், ஜப்பான் கார்களின் லேன் உதவி ஆகட்டும், இப்போது இங்கே வந்து இறங்குகிற சீன மின்சாரக் கார்கள் ஆகட்டும், படி இரண்டுதான். இரண்டாம் படியின் ஒப்பந்தம் இது: கார் முறுக்கும், மிதிக்கும், பிரேக் போடும், ஆனால் ரோட்டைப் பார்க்கிற பொறுப்பு முழுக்க உன்னுடையது, எந்தக் கணத்திலும் நான் கையை விட்டுவிடலாம், அப்போது நீ பிடிக்க வேண்டும். மூன்றாம் படியில்தான் குறிப்பிட்ட நிலைமைகளில் கண்ணை எடுக்கலாம். அப்படி ஒன்றை ஹொண்டா 2021-இல் ஜப்பானில் வெறும் நூறு கார்களுக்கு, அதுவும் நெரிசலில் ஊர்கிறபோது மட்டும் என்று விட்டது. எவ்வளவு பயந்து பயந்து விட்டார்கள் என்று அந்த எண்ணிக்கையே சொல்லும்.

இரண்டாம் படியின் ஒப்பந்தம் எழுத்தில் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மனிதனுக்குச் சுலபமான வேலையை எடுத்துக்கொண்டு அவனால் ஏலாத வேலையை அவன் தலையில் கட்டுகிற ஒப்பந்தம் அது. ஒன்றும் நடக்காத ஒன்றை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பது நமக்கு வராது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் புள்ளிகளைத் தவறவிடுகிறார்களே என்று பிரித்தானிய உளவியலாளர் நோர்மன் மெக்வேர்த் ஒரு சோதனை வைத்தார். கடிகாரம் போல ஒரு முள் ஒவ்வொரு படியாகத் தாவும், எப்போதாவது இரட்டைப் பாய்ச்சல் பாயும், அதைக் கண்டவுடன் பட்டனை அமத்த வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள்ளேயே ஆட்கள் கோட்டை விடத் தொடங்கினார்கள். 1948-இல் அவர் எழுதியது இது. 1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதும்போது இதே கதையை இன்னும் கூர்மையாகச் சொன்னார்: இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு மனிதன் கை பழக்கம் விட்டுப் போகிறான், ஆனால் இயந்திரம் கைவிடுகிற கணம் வருவதோ மிகக் கடினமான நேரத்தில்.

கூகிள் இதைத் தன் ஆட்களிடமே பார்த்துவிட்டது. 2013 வாக்கில் தன் ஊழியர்களுக்கு அரைத் தானியங்கிக் கார்களைக் கொடுத்து உள்ளே கமரா வைத்தார்கள். போன் பார்த்தவர்கள், முகத்துக்கு மேக்கப் போட்டவர்கள், மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றரில் நித்திரையே கொண்ட ஒருவர் என்று காட்சிகள் வந்தன. பிறகு வேமோ என்று பெயர் மாறின அந்தப் பிரிவு, ஆளைக் கண்காணிப்பில் வைக்கிற இந்த வழியையே கைவிட்டு, முழுக்கத் தானே ஓடுகிற காரைத்தான் செய்வோம் என்று போனது. மற்றக் கம்பனிகள் கைவிடவில்லை. அதற்குப் பதிலாக மணி கட்டின.

மணிக்குத் தேவை ஒரு அளவுகோல். முதலில் கிடைத்த மலிவான அளவுகோல் ஸ்டியரிங் தண்டில் ஏற்கெனவே இருக்கிற முறுக்கு உணரி. மின்சார பவர் ஸ்டியரிங் உள்ள எல்லாக் காரிலும் அது உண்டு, ஏனென்றால் நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்று தெரிந்தால்தான் மோட்டர் உதவ முடியும். அதையே "கை இருக்கிறதா" என்று பார்க்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள். இங்கே கவனியுங்கள், அது தொடுகையை அளப்பதில்லை, முறுக்கை அளக்கிறது. இரண்டு கையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நேர் ரோட்டில் அசையாமல் இருந்தாலும் "கையை வை" என்று கத்துவது இதனால்தான். மச்சான் முதல் வாரம் "வச்சிரிக்கன் தானேடி!" என்று அவளோடு சண்டை பிடித்தான். கொஞ்சம் அசைத்துவிட்டால் போதும், அடங்கிவிடும். விலை கூடின கார்களில் ஸ்டியரிங் வளையத்துக்குள் மின்னேற்றத்தால் தொடுகையை உணர்கிற பட்டை வருகிறது, போன் திரை விரலை உணர்வது போல. அது இந்த அளவுக்கு அழும்பு செய்யாது.

முறுக்கைத்தான் அளக்கிறது என்றால் முறுக்கைக் கொடுப்பது கைதான் என்று யார் சொன்னது? வெளிநாட்டில் ஒருவர் தோடம்பழத்தை வளையத்துக்குள் செருகிவிட்டார், இன்னொருவர் தண்ணிப் போத்தலைக் கட்டிவிட்டார், பிறகு அதற்கென்றே ஒரு பாரத்தைச் செய்து கடையில் விற்கவே தொடங்கிவிட்டார்கள். 2018-இல் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் அந்தப் பாரத்தை விற்கக்கூடாது என்று உத்தரவு போட வேண்டி வந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் தொங்குகிற சின்னப் பாரம், கார் பார்வைக்கு அது ஒரு பொறுப்பான சாரதியின் கை!

அந்தக் கை எவ்வளவு நேரம் இல்லாமல் போகலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. ஐநாவின் 79-ஆம் இலக்க ஸ்டியரிங் விதியின்படி லேன் உதவி போட்டிருக்கும்போது கை எடுத்து 15 விநாடிக்குள் படத்தால் எச்சரிக்க வேண்டும், 30 விநாடிக்குள் சத்தம் போட வேண்டும், சத்தம் போட்டும் இன்னொரு 30 விநாடி கை வராவிட்டால் உதவியை நிறுத்திவிட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70-இல் போகிற கார் 15 விநாடியில் கிட்டத்தட்ட 290 மீற்றர் போய்விடும். முதல் சத்தம் வரும்போது அரைக் கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். வாழைச்சேனை ரோட்டில் அரைக் கிலோமீற்றருக்குள் எத்தனை மாடு படுத்திருக்கும் என்பது இரவில் போனவர்களுக்குத் தெரியும்.

2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் ஆட்டோபைலட்டில் போன ஒரு டெஸ்லா, குறுக்கே திரும்பின லொறியின் பெட்டிக்கு அடியில் புகுந்து ஓட்டினவர் இறந்தார். வெள்ளைப் பெட்டி, பின்னால் வெளிச்சமான வானம். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்தபோது தெரிந்த கணக்கு ஒன்றை நான் மறக்கவே மாட்டேன்: ஆட்டோபைலட் ஓடின சுமார் 37 நிமிடத்தில் கை உணரப்பட்டது மொத்தம் 25 விநாடிகள். கார் எச்சரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு தொடு தொட்டு அடக்கிவிட்டிருக்கிறார், மச்சான் பட்டனை அமத்தினது போல. 2018-இல் கலிபோர்னியாவில் இன்னொன்று, அதில் ஓட்டினவர் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தார் என்று அதே சபை முடிவு செய்தது, மோதுவதற்கு முந்தின ஆறு விநாடி கையே இல்லை. அதே வருடம் அரிசோனாவில் ஊபரின் சோதனைக் கார் ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை இடித்துக் கொன்றது. அந்தக் காரில் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை இருத்தியிருந்தார்கள், அவர் போனில் டிவி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம், மெக்வேர்த்தின் முள்ளை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் அவ்வளவு சுலபமாகத் திட்ட வராது.

சரி, கையை விட்டுவிட்டுக் கண்ணையே பார்த்தால் என்ன என்று ஜப்பான்காரன் முதலிலேயே யோசித்துவிட்டான். 2006-இல் லெக்ஸஸ் ஸ்டியரிங் தண்டுக்கு மேல் ஒரு கமரா வைத்து, சாரதியின் முகம் முன்னால் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தது. அதை லேன் உதவியோடு சேர்த்துக் கட்டி, "கையை எடு, ஆனால் கண்ணை எடுக்காதே" என்று சொன்னது 2017-இல் ஜெனரல் மோட்டர்ஸின் சூப்பர் குரூஸ். டெஸ்லா 2021-இல்தான் உள்ளே இருந்த கமராவை இதற்குப் பயன்படுத்தத் தொடங்கியது. அப்படியும் போதவில்லை என்று 2023 டிசம்பரில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு எச்சரிக்கையைக் கூட்டுகிற ரீகோல், அதாவது குறை திருத்துகிற அறிவிப்பு, வந்தது.

கமரா எப்படி இருட்டில் பார்க்கிறது என்று மாமா கேட்டார். பக்கத்திலேயே அகச்சிவப்பு விளக்கு இருக்கிறது மாமா, டிவி ரிமோட்டின் நுனியில் இருக்கிற மாதிரி, நம் கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குப் பகல் மாதிரித் தெரியும். பெரும்பாலான கறுப்புக் கண்ணாடிகளையும் அது ஊடுருவும். தலை எந்தப் பக்கம், கருவிழி எந்தப் பக்கம், இமை எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்க்கும். இமையில்தான் விஷயம். ஒரு நிமிடத்தில் எத்தனை பங்கு நேரம் இமை முக்கால்வாசிக்கு மேல், சரியாகச் சொன்னால் எண்பது சதவீதம் மூடியிருந்தது என்று எண்ணுவார்கள். சாதாரணக் கண் சிமிட்டல் பட்டென்று முடிந்துவிடும், நித்திரைக் கண்ணின் சிமிட்டல் மெல்ல இறங்கி, கீழே கொஞ்சம் தங்கி, மெல்ல ஏறும். இரவில் வேனின் முன் சீட்டில் இருந்தவர்கள் இந்தச் சிமிட்டலைக் கண்டிருப்பார்கள், பேர் வைக்காமலே.

ஐரோப்பாவில் 2024 ஜூலையில் இருந்து புதிய மாடல்களுக்கு இந்தக் கவனச் சிதறல் எச்சரிக்கையும் கட்டாயம், 2026 ஜூலையில் இருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும். மடியில் இருக்கிற போனைப் பார்க்கிற மாதிரிக் கண் கீழே தங்கினால், 50-க்கு மேல் போகும்போது மூன்றரை விநாடி, 20-இல் இருந்து 50 வரை ஆறு விநாடி, அதற்குள் மணி அடிக்க வேண்டும். 70-இல் மூன்றரை விநாடி என்பது 68 மீற்றர். பதினைந்து விநாடியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், குறைந்த வேகத்திலேயே முழித்தும் விடுகிறது. நம்முடைய ஊருக்குப் பொருந்துவது இதுதான் என்பது என் எண்ணம். ஸ்டியரிங்கை மட்டும் பார்க்கிற காருக்கும் முகத்தைப் பார்க்கிற காருக்கும் இடையில் தெரிவு வந்தால், பெரிய திரையையும் அலோய் வீலையும் விட்டுவிட்டு இதற்குக் காசு கொடுக்கலாம். "வீட்டுக்குள்ள கமரா மாதிரி, வெக்கமா இரிக்கே" என்றான் மச்சான். அது நியாயமான கேள்விதான், கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஆனால் முகத்தைப் பார்க்கிறதும் முழுமை இல்லை. கண் ரோட்டில் இருக்கும், மனது கட்டாரில் இருக்கும். அதைப் பிடிக்கிற கமரா இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2024 மார்ச்சில் இப்படிப் பதினான்கு அரைத் தானியங்கி ஏற்பாடுகளைச் சோதித்தது: கண்ணைப் பார்க்கிறதா, கையைப் பார்க்கிறதா, ஏமாற்ற ஏலுமா, எச்சரிக்கை போகப் போகக் கடுமையாகிறதா, கடைசியில் காரை மெதுவாக்குகிறதா. பதினொன்றுக்கு "மோசம்". இரண்டு சுமார். "பரவாயில்லை" என்று வாங்கினது லெக்ஸஸின் ஒன்று மட்டும். "நன்று" யாருக்கும் இல்லை. பெல்ட் போடாமலே சில கார்களில் லேன் உதவி வேலை செய்தது என்பதைப் படித்தபோது, நாங்கள் அன்று பெல்ட்டை இழுத்துப் பார்த்தது அவ்வளவு முட்டாள்தனம் இல்லை என்று பட்டது.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மேலே சொன்னது எல்லாம் கோடு போட்ட ரோட்டுக்கு.

மாசி பங்குனியில் அம்பாறைப் பக்கம் போங்கள். ரோட்டின் அரைவாசியில் நெல் காயும். வெள்ளைக் கோடு நெல்லுக்குக் கீழே. கல்லை வைத்து அணை கட்டியிருப்பார்கள், ஓர் ஆள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடப்பார். லேன் கமரா இதில் என்ன செய்யும்? கோடு தெரியவில்லை என்றால் உதவியை விட்டுவிடும், அதுவும் பெரிய சத்தம் போடாமல். மீட்டர் போர்டில் பச்சையாக இருந்த ஒரு சின்னக் கோட்டுப் படம் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். கை இல்லாவிட்டால் ஊரைக் கூட்டுகிற கார், தான் கைவிடும்போது பூனை மாதிரிப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் இந்த ஏற்பாடுகளில் இருக்கிற மிகக் கேவலமான வடிவமைப்பு இதுதான். மச்சானின் காரில் அந்தப் படம் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் மட்டும் எத்தனை தடவை பச்சையும் சாம்பலுமாக மாறியது என்று நான் எண்ணத் தொடங்கி, நிந்தவூரில் கைவிட்டுவிட்டேன்.

பிறகு பின் லைட் இல்லாத உழவு மெசின் பெட்டி. நெல் மூட்டைக்கு மேல் நாலு பேர் இருந்து வருவார்கள், பின்னால் ஒரு சிவப்புத் துணிகூட இருக்காது. ரோட்டின் சூட்டுக்குப் படுத்திருக்கிற மாடு. காத்தான்குடியில் எதிர்ப் பக்கமாகவே வருகிற ஓட்டோ. எல்லாத்துக்கும் மேலே புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் இடையில் யானை. இருட்டில் யானை ரோட்டோடு ரோடாக நிற்கும், லைட் போய் விழுந்தாலும் திருப்பி அடிக்காத நிறம், கண் மட்டும் உயரத்தில். வால்வோ 2016 அளவில் மூஸ், மான், குதிரை போன்ற பெரிய மிருகங்களைக் கண்டு பிரேக் போடுகிற வசதியைக் கொண்டுவந்தது, சுவீடன் ரோட்டில் நிற்பது அவைதான் என்பதால். அதை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனபோது கங்காரு குழப்பிவிட்டது. அது பாய்ந்து அந்தரத்தில் இருக்கும்போது தூரத்தில் இருப்பதாகவும் நிலத்தில் இறங்கினதும் கிட்ட வந்துவிட்டதாகவும் கமரா எண்ணியது. ஜப்பானில் செய்து ஜப்பானில் சோதித்த மச்சானின் காருக்கு யானையை யார் அறிமுகப்படுத்தியிருப்பார்கள்? அதனால் இங்கே கவன எச்சரிக்கை செய்கிற வேலை அங்கே செய்கிறதைவிடப் பெரியது. முன்னால் பார்க்கிற கமராவுக்கு யானை தெரியாத ஊரில், சாரதியின் கண் மட்டும்தான் மிச்சம்.

திரும்பி வரும்போது மச்சான் சத்தத்தை நிற்பாட்டுவதில் குறியாக இருந்தான். தெரிந்த ஓர் இடத்தில் விசாரித்தால் "அதெல்லாம் கொண்டு வாங்க, ஓஃப் பண்ணித் தாறம்" என்றார்கள். நான் வேண்டாம் என்று மறித்தேன், அவனுடைய பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேவைக்கும் தேவையில்லாமலும் அடிக்கிற மணியை மனிதக் காது சில நாளில் கேட்பதையே விட்டுவிடும், கோயில் வீதியில் குடியிருக்கிறவனுக்கு லவுட்ஸ்பீக்கர் கேட்காத மாதிரி. அதனால் எல்லாத்தையும் விட்டு வைப்பதும் சரி இல்லை. கோட்டுச் சத்தத்தை ஊருக்குள் குறைத்து வைக்கலாம். கோப்பையையும் முன் மோதல் எச்சரிக்கையையும் தொடக்கூடாது. மெனுவுக்குள் போய்ப் பார்த்தபோது முன் மோதல் எச்சரிக்கை "தூரம், நடு, கிட்ட" என்று மூன்று நிலையில் "கிட்ட" என்பதில் கிடந்தது. ஜப்பானில் ஓடினவரோ, கப்பலுக்கு ஏற்றினவரோ, இங்கே விற்றவரோ, யாரோ ஒருவருக்கு அந்தப் பெண்ணின் குரல் பிடிக்கவில்லை.

கோப்பை ஒளிர்ந்தால் என்ன செய்வது என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. அவர் எழுபது, எண்பதுகளில் லொறியில் நெல் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவர். சாரதிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம் இருக்க வேண்டும், அவன் நித்திரை கொள்ளக்கூடாது, கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பதில் "ம்" என்று மட்டும் வரத் தொடங்கினால் லொறியை ஓரம் கட்டச் சொல்ல வேண்டும். இதுதான் அவருடைய காலத்துச் சட்டம். யோசித்துப் பார்த்தால் கமராவால் செய்யப் பார்ப்பதும் இதைத்தான், அதில் கையைப் பார்க்கிற கார் கண்ணை மூடிக்கொண்டு சாரதியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள், முகத்தைப் பார்க்கிற கார் கண் திறந்திருக்கிற ஆள். ஆனால் இரண்டுக்கும் அந்த "ம்" கேட்காது. அன்று இரவு மாமாவுக்குக் கேட்டது. கோப்பை இரண்டாம் தடவை மறைந்து ஐந்து நிமிடத்தில் "மனே, மறுகா போவம், இப்ப நிப்பாட்டு" என்றார். மன்னம்பிட்டிக்கு இந்தப் பக்கம் திறந்திருந்த ஒரு கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, சீட்டைச் சரித்துவிட்டு மச்சான் இருபது நிமிடம் படுத்தான். தேயிலையோ கோப்பியோ வேலை செய்ய அவ்வளவு நேரம் எடுக்கும், அதனால் குடித்துவிட்டுப் படுப்பதுதான் கணக்கு, படுத்துவிட்டுக் குடிப்பதில்லை. ஜன்னலைத் திறப்பது, பாட்டை உரக்கப் போடுவது எல்லாம் பத்து நிமிடக் கதை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் பின்னேரம் மூன்று பேரும் காருக்குள் இருந்து ஒவ்வொரு எச்சரிக்கைப் படத்தையும் போனால் மொழிபெயர்த்து, மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினோம். கோப்பை: நிப்பாட்டு. ஸ்டியரிங்கும் இரண்டு கையும்: அசை. கோடு சாம்பல்: கார் விட்டுட்டுது, நீ பிடி. சிவப்புக் கார்: பிரேக். தாளை மடித்து முன் பெட்டிக்குள் வைக்கும்போது மாமா பேனையை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, அடியில் தன் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "மாட்டுக்கும் ஆனைக்கும் மணி இல்ல."